பேரேட்டிலிருந்து கணினிக்கு: கூலிம் சிறு வணிகர்களின் கணக்கு

கணக்கு எழுதுவது தமிழ் வணிகருக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கிலும் கெடாவிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றி, ஐந்தொகை போட்டுச் சரிபார்த்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவரும் கடையிலேயே அதைக் கற்றுத் தேர்ந்தார்.

தோட்டப்புற மளிகைக் கடையின் நிலை வேறு. சம்பள நாள் வரை கடன். அதற்குச் சாட்சி 555 என்னும் சிறு புத்தகம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அதில் இருந்தது. கடைக்கு லாபமா நட்டமா என்பது அதில் இல்லை.

1996இல் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்காவாகக் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு உணவு, பேருந்து, துப்புரவுச் சேவை வழங்கும் சிறு குத்தகையாளர்களுக்கும் வாய்ப்பு பிறந்தது. ஆனால், தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிடம் 555 புத்தகம் செல்லாது. எண்ணும் தேதியும் இட்ட விலைப்பட்டியல் வேண்டும். பணமோ 30, 60 நாள் கழித்தே வரும். அதுவரை ஊழியர் சம்பளத்தைச் சமாளிக்க, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும்.

சட்டமும் நெருக்கியது. 2004இல் தனிநபர் வணிகர்களுக்கும் வருமான வரிச் சுயமதிப்பீடு வந்தது; கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு காக்க வேண்டும் என்பது விதி. 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அமலானது. ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டியோர் பதிந்தாக வேண்டும். கணக்கு மென்பொருள் வாங்கச் சிறு நிறுவனங்களுக்கு 1,000 வெள்ளி பற்றுச்சீட்டையும் அரசாங்கம் வழங்கியது. 2018 ஜூன் 1இல் அவ்வரி பூஜ்யமாகி, செப்டம்பரில் ஒழிந்தது. வரிக்காக மட்டுமே மென்பொருள் வாங்கியவருக்கு, வரி போனதும் அதற்கு வேலையில்லாமல் போனது. பாக்கியையும் சரக்கு இருப்பையும் அறிய அதைப் பழகியவருக்கு அது தொடர்ந்து உதவியது.

2024 ஆகஸ்ட் 1இல், 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களிலிருந்து மின் விலைப்பட்டியல் தொடங்கி, பின்னர் படிப்படியாகக் கீழிறங்கியது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளம் இலவசமே. ஆனால் அது விலைப்பட்டியல் அனுப்பத்தான். எந்தத் தொழிற்சாலை பாக்கி வைத்துள்ளது என்பதை வணிகர்தான் கணக்கில் பார்க்க வேண்டும்.

குறிப்பு, பேரேடு, ஐந்தொகை ஆகிய மூன்றையும்தான் மென்பொருள் நொடியில் செய்கிறது. அன்றன்று பதியாதவருக்கு அது வெறும் பெட்டி. பதிபவருக்கோ அது பழைய நகரத்தார் கடையின் கணக்கப்பிள்ளை. வரி வரும், போகும். தன் கடையின் நிலையறிய எழுதும் கணக்கே வணிகரைக் காக்கும்.