கென்வுட் மாளிகையும் ஓர் உயிலும்

இலண்டன் மாநகரின் வடபால், ஆம்ப்சுடெட் மேட்டுவெளியை அடுத்துக் கென்வுட் என்னும் மாளிகை உள்ளது. அஃது இன்று காட்சியகம். சூழவுள்ள புல்வெளியும் சோலையும் ஏரியும் பொதுமக்கள் உலாவும் பூங்கா. ஏரிக்கரையில் வெண்ணிறப் பாலம் ஒன்று தோன்றும். அணுகி நோக்கின், அது கண்ணுக்கு அழகாக நிறுத்திய மரமுகப்பே. அதன்மேல் எவரும் நடத்தல் இயலாது.

பின்னாளில் தலைமை நீதிபதியாய் விளங்கிய மான்சுபீல்டுப் பெருமகன் 1754இல் இதனை வாங்கினார். இராபர்ட் ஆதம் என்னும் கட்டடக் கலைஞர் 1764 முதல் 1779 வரை இதனைப் புதுக்கினார். அவர் வகுத்த நூலகக் கூடம் எம் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது. ஆயின், இன்று இங்கே போற்றப்படும் இரெம்பிராண்டு, வெர்மீர் ஓவியங்கள் மான்சுபீல்டுக் குடியினர் தொகுத்தவை அல்ல. அக்குடியினரின் மனைப்பொருள்கள் 1922இல் விற்கப்பட்டன. 1925இல் மாளிகையை வாங்கிய ஐவீப் பெருமகன் தம் ஓவியங்களோடு அதனை நாட்டு மக்களுக்கு விட்டுச் சென்றார். 1928இல் அது திறக்கப்பட்டது. ஆதலின், உள்ளே காண்பனவற்றை மட்டுங்கொண்டு இம்மனையின் வரலாற்றை எழுதப் புகுவார் இடர்ப்படுவர்.

அவ்வரலாற்றில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கவர் டைடோ எலிசபெத் பெல். 1761இல் பிறந்த இவருடைய தாய் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கப் பெண். தந்தை மான்சுபீல்டின் மருகராகிய கடற்படைத் தலைவர் சான் இலிண்சே. பெல், உறவினளான எலிசபெத் மர்ரேயுடன் இம்மனையிலேயே வளர்ந்தார். இருவரையும் ஒருங்கே காட்டும் ஓவியமோ, இசுக்காட்லாந்திலுள்ள இசுகோன் அரண்மனைக்கு உரியது.

1772இல் சாமர்செட் வழக்கில் மான்சுபீல்டு அளித்த தீர்ப்பால் இங்கிலாந்திலிருந்த அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றனர் என்பாருளர். அது பொருந்தாது. அடிமையை வலிந்து நாடுகடத்த உடையவனுக்கு உரிமையில்லை என்பதே அத்தீர்ப்பின் அளவு. இதற்கு அந்நீதிபதியின் உயிலே சான்று. 1782இல் எழுதிய அதில், பெல்லுக்குப் பணம் வழங்கியதோடு அமையாது, அவருடைய விடுதலையையும் தனியே உறுதிசெய்துள்ளார். தீர்ப்புரைத்துப் பத்தாண்டு கழிந்த பின்னரும், தம் மனையில் வளர்ந்த பெண்ணுக்கே அச்சொல் வேண்டுமென அவர் கருதினார். அது சட்டமறிந்தாரின் மிகை எச்சரிக்கை எனலாம். அவ்வெச்சரிக்கைக்கு இடனிருந்தது என்பதே எம் கருத்துக்குப் போதும்.

1793இல் மான்சுபீல்டு மறைந்தார். அவ்வாண்டிலேயே பெல் மணம்புரிந்து கென்வுட்டை நீங்கினார். இம்மனையில் பால், கோழிப் பண்ணைகளை அவர் மேற்பார்த்ததாக அறிகிறோம். பூங்காவில் நாம் காணும் பால்மனை அவர் சென்றபின், அடுத்த பெருமகனின் காலத்தில் எழுந்தது.