ரேஸ் காருக்குள் கேமரா: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

ஸ்டீயரிங்கைத் திருப்பும் கைகள், சீறும் இன்ஜின் சத்தம், கண்ணாடிக்கு வெளியே பாய்ந்து வரும் டிராக். ரேஸ் காருக்குள் இருந்து எடுக்கப்படும் இதுபோன்ற வீடியோக்களுக்கு ரசிகர்கள் அதிகம். பார்க்கும்போது, ‘ஒரு ஆக்‌ஷன் கேமராவை உள்ளே ஒட்டிவிட்டால் போதும்’ என்றுதான் தோன்றும். ஆனால் தவறான இடத்தில், தவறான முறையில் மாட்டப்பட்ட கேமரா, ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் முதன்முறையாக ஆன்போர்டு கேமராவுடன் ஒரு கார் ஓடியது 1985 ஜெர்மன் கிராண்ட் பிரீயில். ரெனோ அணி, பிரான்சுவா எனோவின் காரில் அதைப் பொருத்தியிருந்தது. இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் கேமராவே 4K வீடியோ எடுக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற டிராக்குகளில் பழகும் புதியவர்கள்கூட அதைப் பயன்படுத்த முடியும்.

வீடியோ எதற்கு?

யூடியூப், ரீல்ஸுக்கு மட்டுமல்ல. எந்த வளைவில் சீக்கிரம் பிரேக் பிடித்தோம், எங்கே ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பினோம் என்பதை ஓட்டுநர் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், தவறு யார் மீது என்று முடிவு செய்யும் நடுவர்களுக்கும் இதுதான் சாட்சி.

என்ன கேமரா வாங்கலாம்?

மூன்று வகை உண்டு. முதலாவது, கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு இதுவே போதும். இரண்டாவது, 360 டிகிரி கேமரா. எந்தக் கோணம் வேண்டும் என்பதைப் பிறகு எடிட்டிங்கில் தேர்வு செய்யலாம். மூன்றாவது, ஏஐஎம் ஸ்மார்ட்டிகேம், விபாக்ஸ் போன்ற ரேஸிங் கேமராக்கள். இவை வேகம், லேப் நேரம் போன்ற தகவல்களையும் வீடியோ மீதே பதிவு செய்யும். விலை அதிகம்.

டேட்டா தேவைப்படுபவர்கள் ஜிபிஎஸ் வேகத்தைக் கவனிக்க வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு சுமார் 55 மீட்டர் ஓடும். நொடிக்கு ஒருமுறை மட்டும் இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ், ஒரு வளைவையே தவறவிட்டுவிடும். நொடிக்கு 10 முறை குறித்தால், இடைவெளி ஐந்தரை மீட்டராகக் குறையும்.

எங்கே பொருத்துவது?

கூரை உள்ள கார்களில் சிறந்த இடம், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே பின்னால் இருக்கும் ரோல் கேஜ் கம்பி. ஓட்டுநரின் தோள் உயரத்துக்குச் சற்று மேலே வைத்தால் கை, ஸ்டீயரிங், முன்னால் உள்ள டிராக் எல்லாமே ஒரே ஃபிரேமில் வரும். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் டிராக் மட்டும்தான் தெரியும்; ஓட்டுநர் என்ன செய்தார் என்பது தெரியாது.

ரோல் கேஜில் துளை போடவே கூடாது. அதன் வலிமை குறைந்துவிடும். கம்பியைச் சுற்றி இறுக்கும் உலோக கிளாம்ப்தான் சரி. நீட்டிக்கொண்டிருக்கும் கை எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு நடுக்கம் குறையும். சோதிப்பது சுலபம்: கேமராவைப் பிடித்து ஆட்டினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும். கேமரா மட்டும் ஆடினால், மவுண்ட் செட் ஆகவில்லை என்று அர்த்தம்.

கண்ணாடியில் ஒட்டும் சக்ஷன் கப் வெயிலில் சூடாகிக் கழன்றுவிடலாம். ஒட்டும் பேட் பயன்படுத்தினால், இடத்தை நன்றாகத் துடைத்து, ஓட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். எந்த மவுண்ட்டாக இருந்தாலும் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு அவசியம்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

கணக்கு எளிது. கேமராவின் எடை சுமார் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மோதலில் கார் 50 ஜி விசையைச் சந்தித்தால், அந்தக் கேமராவைப் பிடித்து நிறுத்த ஏழரை கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. பிடி விட்டால், அது காருக்குள் பறக்கும் கல்தான்.

ஹெல்மெட் மீது கேமரா ஒட்டுவதைப் பல போட்டி அமைப்புகள் தடை செய்திருப்பதும் இதனால்தான். மோதும்போது அது எங்காவது சிக்கினால், கழுத்தைத் திருகி இழுத்துவிடும். ஃபார்முலா 1 ஹெல்மெட்களில் இருக்கும் கேமரா வேறு கதை. அது உள்பக்கம் கண்ணுக்கு அருகே பொருத்தப்படும் மிகச் சிறிய லென்ஸ்.

ஓட்டுநரின் தலை போய் மோதக்கூடிய இடம், வெளியேறும் வழி, தீயணைப்பான், கில் ஸ்விட்ச் ஆகியவற்றின் அருகிலும் கேமரா கூடாது. காரைச் சோதிக்கும் அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே டிராக்கில் இறங்க வேண்டும்.

செட்டிங்கில் என்ன மாற்றணும்?

* நொடிக்கு 60 ஃபிரேம் வைத்தால் வேகமான காட்சி தெளிவாக இருக்கும்.
* ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்து பார்க்கவும். கார் திரும்பும்போது கேமரா அதை நடுக்கம் என்று நினைத்துச் சரிசெய்ய முயலும். டேஷ்போர்டு மிதப்பது போலத் தெரியும்.
* காருக்குள் இருட்டு, வெளியே வெயில். வெளிச்சத்தை டிராக்கை வைத்து அளக்கும்படி செட் செய்யாவிட்டால், வெளியே வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.
* நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 20 நிமிடம் எடுத்தால் 15 ஜிபி ஆகும். வி30 வகை மெமரி கார்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் காலி செய்துவிட்டு ஆரம்பிக்கலாம்.
* சத்தம் முக்கியம் என்றால் தனி மைக் வேண்டும். பஞ்சு உறை போட்டு, காற்று நேரடியாக அடிக்காத இடத்தில் வைக்கவும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் கேமரா சூடாகி, ரேஸ் தொடங்கும் முன்பே ஆஃப் ஆவது வழக்கமான பிரச்னை. வரிசையில் காத்திருக்கும்போது ஸ்க்ரீனை அணைத்து வைப்பதும், கிளம்பும் சில நிமிடங்களுக்கு முன் ரெக்கார்டிங்கை ஆன் செய்வதும் நல்லது. ஓடும்போது கேமராவைத் தொடக் கூடாது. வீடியோ போனால் அடுத்த ரேஸில் எடுத்துக்கொள்ளலாம். கவனம் ஒரு நொடி சிதறினால் அந்த வாய்ப்பே இல்லாமல் போகலாம்.