கணினியின் உறக்க நிலை: ஒரு மின்சிக்கன வரலாறு

கணினி வேலை செய்யும்போது மின்சாரம் செலவாவது இயல்பு. ஆனால் மேசைக் கணினியின் வரலாற்றில் பெரிய விரயம் நிகழ்ந்தது அது வேலை செய்யும்போது அல்ல, யாருமில்லாத அறையில் விழித்துக்கொண்டு சும்மா காத்திருந்தபோதுதான். அந்த விரயத்தைக் குறைப்பதற்கான வழிகள் 1990களின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. அவை பரவலாகப் பயன்பாட்டுக்கு வர மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

விரயத்தின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பழைய மேசைக் கணினி ஒன்றும் அதன் பெட்டி போன்ற திரையும் சேர்ந்து 100 வாட் எடுப்பதாகக் கொள்வோம். மாலை 6 மணிக்கு மூடப்படும் அலுவலகம் மறுநாள் காலை 10 மணிக்குத் திறக்கிறது. இடைப்பட்ட 16 மணி நேரத்தில் அந்த ஒரு கணினி 1.6 யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிடும். ஆண்டுக்கு 584 யூனிட். அதே கணினி உறக்க நிலையில் 3 வாட் மட்டும் எடுத்தால் ஆண்டுச் செலவு 18 யூனிட்டைத் தாண்டாது.

அணைக்காத பழக்கம்

கணினியை அணைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் முதல் தலைமுறைக் கணினிகளிலேயே தொடங்கியது. 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதன் மின்தேவை சுமார் 150 கிலோவாட். குழல்கள் சூடேறும்போதும் குளிரும்போதும்தான் மிகுதியாகப் பழுதாயின. எனவே எனியாக்கை இயன்றவரை அணைக்காமலே வைத்திருந்தனர். அன்றைக்கு அது சரியான முடிவு. குழல்கள் மறைந்து டிரான்சிஸ்டர்கள் வந்த பின்னும், "அடிக்கடி அணைத்தால் கணினி கெட்டுவிடும்" என்ற நம்பிக்கை மட்டும் நெடுங்காலம் மறையவில்லை.

அதற்குப் பின் வந்த பெருங்கணினிகள் விலை மிகுந்தவை. பலர் முறைவைத்துப் பயன்படுத்தியதால் அவை சும்மா இருந்த நேரம் குறைவு. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது நிலைமை தலைகீழானது. மனிதர் இயந்திரத்துக்காகக் காத்திருந்த காலம் போய், இயந்திரம் மனிதருக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. டாஸ் இயங்குதளத்தில் பல நிரல்கள் "விசை அழுத்தப்பட்டதா, அழுத்தப்பட்டதா" என்று இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருந்தன. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே தட்டச்சு செய்பவர் யோசிக்கும் நேரத்திலும் செயலி முழு வேகத்தில் ஓடியது.

இதற்கு முதல் தீர்வு சுற்றுச்சூழல் அக்கறையால் வந்ததன்று. மடிக்கணினியின் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துபோனதால் வந்தது. 1990இல் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கென 386எஸ்எல் என்ற செயலியை வெளியிட்டது. பயன்படாத பகுதிகளை இயங்குதளத்துக்குத் தெரியாமலே நிறுத்திவைக்கும் வசதி அதில் இருந்தது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற மின்மேலாண்மை முறையை வகுத்தன. மேசைக் கணினிக்கு மின்கலக் கவலை இல்லை. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அதனால் மடிக்கணினி கற்ற பாடம் மேசைக் கணினிக்கு வந்துசேர வேறொரு தூண்டுதல் வேண்டியிருந்தது.

விண்மீன் முத்திரை

அந்தத் தூண்டுதல் 1992இல் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'எனர்ஜி ஸ்டார்' என்ற தன்விருப்ப முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று குளிர்பதனப் பெட்டி முதல் கட்டடம் வரை காணப்படும் அந்த முத்திரையை முதலில் பெற்றவை கணினிகளும் கணினித் திரைகளுமே. நிபந்தனை எளிமையானது: பயன்பாட்டில் இல்லாதபோது கணினி தானாகக் குறைமின் நிலைக்குச் சென்று 30 வாட்டுக்கு மிகாமல் எடுக்க வேண்டும். திரைக்கும் அதே வரம்பு. 1990களின் கணினியைத் தொடங்கியதும் கருந்திரையின் வலது மூலையில் தோன்றிய விண்மீன் சின்னம் இத்திட்டத்தினுடையதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணினி அறைகளிலும் அதைப் பார்த்தவர் பலர். பொருள் அறிந்தவர் சிலரே.

அதே 1992இல் சுவீடனில் டி.சி.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு திரைகளுக்குத் தனி முத்திரை வழங்கத் தொடங்கியது. நாள் முழுவதும் திரைமுன் அமரும் எழுத்தர்களின் உடல்நலம் குறித்த அச்சமே அதற்குத் தொடக்கம். திரையிலிருந்து வரும் மின்காந்தக் கதிர்வீச்சோடு மின்செலவையும் அது வரம்புக்கு உட்படுத்தியது.

தன்விருப்பத் திட்டம் என்றால் நிறுவனங்கள் ஏன் இணைய வேண்டும்? விடை 1993 ஏப்ரலில் கிடைத்தது. அமெரிக்க அரசுத் துறைகள் வாங்கும் கணினிக் கருவிகள் எனர்ஜி ஸ்டார் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஆணையிட்டார். உலகிலேயே மிகப்பெரிய கணினி வாடிக்கையாளர் அந்த அரசுதான். அரசுக்கு ஒரு வகையும் மற்றவர்க்கு வேறொரு வகையும் தயாரிப்பது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே சட்டத்தின் வழியாக வராத மாற்றம் கொள்முதலின் வழியாக வந்தது.

திரையை உறங்கவைக்கும் முறையும் 1993இல்தான் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்குகிறது என்று திரைக்குச் சொல்ல, கணினி இரண்டு ஒத்திசைவுக் குறிப்பலைகளை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருந்தது. வீசா என்ற தரநிர்ணய அமைப்பு இந்த அலைகளையே கட்டளையாக மாற்றியது. ஓர் அலை நின்றால் திரை அரைத்தூக்கம் கொள்ளும்; இரண்டும் நின்றால் முழுதாக அடங்கிவிடும். புதிய கம்பி தேவைப்படவில்லை. பேச்சை நிறுத்துவதையே பேச்சாகக் கொண்ட இம்முறை, பொறியியலில் சிக்கனத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதற்கு நேர் எதிராக இருந்தது திரைக்காப்பு. ஒரே படம் நெடுநேரம் நின்றால் பழைய திரைகளின் பாஸ்பரப் பூச்சில் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே அசையும் படங்கள் வந்தன. 1989இல் வெளிவந்த 'ஆஃப்டர் டார்க்' மென்பொருளின் பறக்கும் ரொட்டிவாட்டிகள் உலகப் புகழ் பெற்றன. 'காப்பு' என்ற பெயரைக் கேட்டு அது மின்சாரத்தையும் காப்பதாகப் பலர் எண்ணினர். உண்மையில் திரை முழு ஒளியில் எரிந்தது. படத்தை வரைவதற்காகச் செயலியும் உழைத்தது. எல்.சி.டி. திரைகள் வந்து தடம் பதியும் சிக்கல் பெரும்பாலும் மறைந்த பின்னும் மீன்தொட்டிகளும் முப்பரிமாணக் குழாய்களும் திரைகளில் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

வசதி இருந்தும் பயனில்லை

முத்திரை பெற்ற கணினிகள் விற்றன. ஆனால் அவற்றில் பல உறங்கவே இல்லை. ஏ.பி.எம். முறையில் எப்போது உறங்குவது என்பதைத் தாய்ப்பலகையில் பதிந்த பயாஸ் நிரலே பெரும்பாலும் தீர்மானித்தது. பயனர் என்ன செய்கிறார் என்பது பயாஸுக்குத் தெரியாது. விசைப்பலகை சிறிது நேரம் அசையாதிருந்தால், கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடும். சில வேளை எழுப்பினாலும் எழாது. சேமிக்காத வேலையை இருமுறை இழந்தவர் மூன்றாம் முறை அந்த வசதியையே நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், டோஷிபா ஆகியவை ஏ.சி.பி.ஐ. என்ற புதிய தரத்தை வெளியிட்டன. உறக்கம் பற்றிய முடிவு பயாஸிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு மாறியது. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மற்றவற்றை நிறுத்துவது, நினைவகத்தில் உள்ளதையும் வட்டில் எழுதிவிட்டு முற்றிலும் அணைவது எனப் பல படிநிலைகள் அதில் தெளிவாக வரையறுக்கப்பட்டன. இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகளில் வழங்குவது இத்தரமே.

அப்போதும் ஒரு குறை எஞ்சியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., மேசைக் கணினிக்குத் திரையை அணைக்கும் நேரத்தை முன்கூட்டியே அமைத்துத் தந்தது. கணினியை உறங்கவைக்கும் நேரத்தையோ 'ஒருபோதும் இல்லை' என்றே விட்டுவைத்தது. மாற்றிக்கொள்ளும் உரிமை பயனருக்கு இருந்தது. மாற்றியவர்கள்தான் குறைவு. மனிதர் பெரும்பாலும் அமைத்துக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வர் என்ற சிறிய உண்மை, கோடிக்கணக்கான கணினிகளின் மின்செலவைத் தீர்மானித்தது.

2007இல்தான் இது திருந்தியது. அவ்வாண்டு சனவரியில் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் உறக்கம் தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருந்தது. சூலையில் நடைமுறைக்கு வந்த எனர்ஜி ஸ்டாரின் 4.0 பதிப்பு, திரை 15 நிமிடத்திலும் கணினி 30 நிமிடத்திலும் உறங்கும்படி அமைத்தே விற்க வேண்டும் என்று விதித்தது. விஸ்டாவை விரும்பியவர் அதிகம் இல்லை. மின்சிக்கனத்தைப் பொறுத்தவரை அதற்குரிய பாராட்டு இன்னும் வந்துசேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விழித்திருக்கும்போது

அதே 4.0 பதிப்பு மின்வழங்கியையும் கவனித்தது. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் இப்பெட்டி சுவரின் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. பழைய பெட்டிகள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் இங்கேயே வெப்பமாகிப் போனது. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய '80 பிளஸ்' திட்டம், 20, 50, 100 விழுக்காடு ஆகிய மூன்று சுமைகளிலும் குறைந்தது 80 விழுக்காடு திறன் காட்டும் பெட்டிகளுக்குச் சான்று வழங்கியது. எனர்ஜி ஸ்டார் அதை ஏற்றுக்கொண்டது.

செயலியிலும் அக்காலத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 2004இல் வந்த பென்டியம் 4 செயலிகளின் புதிய வகைகள் 100 வாட்டைத் தாண்டின. அதன் அடுத்த தலைமுறையாகத் திட்டமிட்டிருந்த செயலியை இன்டெல் அதே ஆண்டு கைவிட்டது. மடிக்கணினிக்காக இசுரேலின் ஹைஃபா நகரில் உருவான பென்டியம் எம் செயலியின் வழியே பின்னர் முதன்மை வழியாயிற்று. மீண்டும் மின்கலமே ஆசிரியர்!

மென்பொருளின் பங்கு வெளிப்பட்டதும் 2007இல்தான். லினக்ஸ் கருநிரல் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செயலியைத் தட்டி எழுப்பும் கடிகாரத் துடிப்பைக் கொண்டிருந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடிப்பு நிற்காது. 2.6.21 பதிப்பில் வேலையற்ற நேரத்தில் அத்துடிப்பை நிறுத்தும் வசதி சேர்ந்தது. தொடர்ந்து இன்டெல் வெளியிட்ட 'பவர்டாப்' என்ற சிறு கருவி, எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை செயலியை எழுப்புகிறது என்று பட்டியலிட்டது. பெயர் வெளியே தெரிந்ததும் நிரலாளர்கள் பலர் தத்தம் நிரல்களைத் திருத்தினர்.

அணைத்த பின்னும் சுவர்ச் செருகியில் இருக்கும் கருவி சிறிது மின்சாரம் எடுக்கிறது. இதை 1 வாட்டுக்குள் கட்டுப்படுத்தலாம் என்று 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் எனச் சட்டமாகவே ஆக்கியது. இந்தியாவில் எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர முத்திரைத் திட்டம் 2006இல் தொடங்கியது. மடிக்கணினிகள் தன்விருப்பப் பட்டியலில் இடம்பெற்றன.

முத்திரையை மட்டும் நம்புவதும் போதாது என்பது 2010இல் தெரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இல்லாத 20 பொருள்களுக்கு எனர்ஜி ஸ்டார் கேட்டு மறைமுகமாக விண்ணப்பித்தது. 15 பொருள்களுக்குக் கிடைத்துவிட்டது. அவற்றுள் ஒன்று பெட்ரோலில் ஓடும் அலாரக் கடிகாரம். 2011 முதல் வெளி ஆய்வகச் சான்று கட்டாயமாயிற்று.

வாங்கும் முன்பே செலவான ஆற்றல்

உறக்க நிலையால் சேமிக்க முடியாத ஒரு பகுதி உண்டு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் கணக்கிட்டபடி, 17 அங்குலப் பெட்டித் திரையுடன் ஒரு மேசைக் கணினியைத் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1,500 கிலோ நீரும் தேவைப்பட்டன. குளிர்பதனப் பெட்டியின் வாழ்நாள் ஆற்றலில் பெரும்பங்கு அது ஓடும்போது செலவாகிறது. கணினியிலோ பெரும்பங்கு அதை உருவாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது என்பது அவர்களின் முடிவு. நன்றாக ஓடும் கணினியை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது, உறக்க நிலையைவிடவும் பெரிய சேமிப்பாகலாம்.

ஆனால் கணினியின் ஆயுளை இப்போது பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் வன்பொருள் அல்ல. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளையும் கேட்கிறது. பழுதில்லாத பல கணினிகள் அந்த நிபந்தனையில் தேறவில்லை. அவற்றில் லினக்ஸை நிறுவலாம். நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பித்தலைப் பெற்று ஓராண்டு ஓட்டலாம். இரண்டையும் செய்யாதவர்களின் கணினிகள், நன்றாக உறங்கவும் விழிக்கவும் தெரிந்தவையாகவே, பழைய பொருள் வாங்குபவரிடம் போய்ச் சேர்கின்றன.