பூடிலின் குடுமி

பூடில் நாயைப் பார்த்ததும் நம்மில் பலருக்குச் சிரிப்புதான் வரும். தலையில் பந்து மாதிரி உயர்ந்த முடி, மழுங்க மழித்த முகமும் பின்னுடலும், காலில் மட்டும் குஞ்சம். 'எல்லாம் பணக்காரப் பவுசு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பொறியியல் படித்த பழக்கமோ என்னவோ, ஒரு விசித்திரமான வடிவத்தைக் கண்டால் இது எந்த வேலைக்காக வந்தது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

பூடில் அடிப்படையில் தண்ணீர் நாய். ஜெர்மன் மொழியில் தண்ணீரில் சளசளப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சில் 'கனிஷ்', அந்தச் சொல்லுக்குள் ஒரு வாத்து இருக்கிறது. சுடப்பட்ட வாத்தை நீந்திப் போய்க் கவ்வி வருவதுதான் அதன் பிழைப்பு. அதன் முடி மற்ற நாய்களுக்குப் போல அவ்வளவாக உதிராது. வெட்டாமல் விட்டால் வளர்ந்துகொண்டே போகும், நனைந்தால் பாரம்.

1621-இல் ஜெர்வாஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பறவை வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். தண்ணீர் நாயின் முடியைத் தொப்புளிலிருந்து பின்பக்கம் மழிக்கலாம் என்கிறார் அதில். கோடையில் சூடு தணியும், நீந்துவதும் சுலபம். ஆனால் உடம்பு முழுக்க மழிப்பதை அவர் ஏற்கவில்லை. குளிர் தாங்காமல் நாய் தண்ணீரையே வெறுத்துவிடுமாம். ஆக, நாம் சிரிக்கிற அந்தப் பாதி மொட்டை, பாரத்துக்கும் குளிருக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம். தலைமுடியைத் தூக்கிக் கட்டியது கண்ணை மறைக்காமலிருக்க. கட்டிய வண்ண நாடா, தூரத்தில் யாருடைய நாய் என்று காட்ட. இப்படித்தான் வேட்டைக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள்.

பயன் மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட முடியாது. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூப்பர்ட்டுடன் 'பாய்' என்ற வெள்ளை நாய் இருந்தது. அன்றைய துண்டுப் பிரசுரப் படங்களில் அது பிடரியோடு குட்டிச் சிங்கம் மாதிரி நிற்கிறது. அது சூனிய நாய் என்றும் எழுதினார்கள். 1644-இல் மார்ஸ்டன் மூர் போரில் செத்தது. தண்ணீருக்காக வந்த வெட்டு அதற்குள் கம்பீரத்தின் அடையாளமாகிவிட்டது.

பிறகு பாரீஸ். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செய்ன் நதிக்கரையிலும் பாலத்தருகிலும் நாய்முடி வெட்டுபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காலச் சித்திரங்களில் அவர்களைப் பார்க்கலாம்: மடியில் அமுக்கிப் பிடித்த நாய், கையில் கத்தரி. பூனைக்குக் காயடிப்பதும் அவர்கள் வேலைதான்.

இன்று அமெரிக்க நாய்க் கண்காட்சிகளில் வளர்ந்த பூடிலின் குடுமியை ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்தலாம் என்று விதியே இருக்கிறது. அந்த நாய் தண்ணீரில் இறங்கத் தேவையில்லை. வேலை போய்விட்டது, வடிவம் தங்கிவிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. போரில் செத்த ஒரு நாயின் பெயரைக் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது. அந்தச் சித்திரங்களில் கத்தரியோடு குனிந்திருப்பவர்கள் வெறும் 'நாய்முடி வெட்டுபவர்'. கண்ணுக்குப் பக்கத்தில் கத்தரி வைத்தும் நாயை அசையாமல் இருக்கச் செய்தது அவர்களுடைய கைதான்.