அரிக்கமேட்டுத் தொட்டியும் ஒரு தறிக்குழியும்

"அரிக்கமேட்டில் ரோமாபுரிக்குப் போன மஸ்லின் துணிக்குச் சாயம் போட்ட தொட்டிகள் கிடைத்தன. எழுதிக்கோங்க."

இரண்டாம் ஆண்டு வகுப்பில் நம் வரலாற்றுப் பேராசிரியர் சொன்னது. எழுதிக்கொண்டோம், தேர்விலும் எழுதினோம். பிறகு நானும் வாத்தியாராகி முப்பது வருஷம் அதையே என் மாணவர்களுக்குச் சொன்னேன். ஆனால் அந்த மண்ணை மிதித்ததில்லை. இந்த ஆண்டு நம் வகுப்புத் தோழர்கள் பதினான்கு பேர் ஒரு வேன் பிடித்துக் கிளம்பியபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ., அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. போய் நின்றால் தென்னையும் மாவும்தான். கண்ணுக்குத் தெரிகிற இடிபாடு, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் செங்கல் தூண்களே. "என்னப்பா, ரோமாபுரியைக் காணோம்?" என்றான் ஒரு நண்பன். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ரோமாபுரி காலடியில் இருக்கிறது என்றேன்.

1945இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்த அரிட்டைன் மட்கலன் ஓடுகளும் மது ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989-92இல் விமலா பெக்லி குழுவினர் மறுபடி ஆராய்ந்து, ரோமர் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அவர்கள் போன பிறகும் நீடித்தது என்று காட்டினார்கள். ஆக, இது ரோமர் கட்டிக் கொடுத்த ஊர் அல்ல. நம்மவர் ஊருக்கு அவர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள்.

சரி, சாயத் தொட்டி? செங்கல் தொட்டிகளைப் பார்த்து, துணி வேலைக்காக இருக்கலாம் என்று வீலர் ஊகித்தார். அந்த 'லாம்' எங்கள் நோட்டுக்கு வருவதற்குள் 'ஆகும்' ஆகிவிட்டது! நானும் திருத்தவில்லை.

மத்தியானம் விழுப்புரம் பக்கம் சிறுவந்தாட்டில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். அறுபது வயது அம்மா குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்க, நாடா ஓடியது. பாவு, ஊடை, விழுது, தார் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். தொட்டிக் கதையைச் சொன்னதும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சாயம்னா அலச நல்ல தண்ணி வேணுமே சார். அந்த ஆறு உப்பாச்சே? தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

முப்பது வருஷத்தில் என்னிடம் ஒரு மாணவனும் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே உறைகிணறு கிடைத்ததைச் சொன்னேன். "அப்போ இருந்தாலும் இருக்கும்" என்றார். வீலர் எழுதிய அதே 'லாம்'!

துணி நம் ஈர மண்ணில் நிற்காது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்ததற்குக் காரணம் அந்த நாட்டு வறட்சிதான். நெய்த ஊரில் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை.

கிளம்பும்போது, "உங்களுக்கு அப்புறம் இந்தத் தறியில யாரும்மா?" என்று கேட்டேன். "பையன் கம்பெனி வேலைக்குப் போறான் சார். தறியைப் பிரிச்சுட்டா, குழியை மூடிட்டுக் கட்டில் போட்டுக்கலாம்" என்று சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு அந்த வீட்டைத் தோண்டுகிறவர் ஒரு பள்ளத்தைப் பார்த்து, 'தானியக் குழியாக இருக்கலாம்' என்று எழுதுவார்.

தம்பி தங்கைகளே, அரிக்கமேட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஓடு, மணி எதையும் எடுத்து வராதீர்கள். திரும்பும் வழியில் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பேராசிரியர் 'எழுதிக்கோங்க' என்றார், எழுதினோம். நான் அதோடு ஒன்று சேர்க்கிறேன்: கேட்டுவிட்டு எழுதிக்கோங்க.