தமிழில் விவிலிய ஆட்பெயர்கள்

தமிழில் விவிலிய ஆட்பெயர்கள் என்பன விவிலியத்தில் வரும் மாந்தர்களின் பெயர்களைத் தழுவித் தமிழ் பேசும் மக்களிடையே வழங்கும் பெயர்களாகும். இவற்றுட் பெரும்பாலானவை எபிரேய மூலம் கொண்டவை. அரமேயம், கிரேக்கம், இலத்தீன் மூலம் கொண்டவையும் உள. சில பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவும், சில பொருளுணர்ந்து செய்த மொழிபெயர்ப்பாகவும் அமைந்துள்ளன. போர்த்துக்கேயம், ஆங்கிலம், அரபு என வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தமையால், ஒரே மூலப் பெயருக்குத் தமிழில் நான்கைந்து வடிவங்கள் காணப்படுவதும் உண்டு. வடசென்னையில் இராயபுரம் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியின் ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன.

இராயப்பரும் இராயபுரமும்

இராயபுரம் என்னும் பெயர் அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தை ஒட்டி எழுந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் பெயர்க்காரணம். இராயப்பர் என்பவர் இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான பேதுரு ஆவார். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து இவ்வூர்ப் பெயரை அரச குடும்பத்தோடு தொடர்புபடுத்துவது பொருந்தாது. தென்னிந்தியாவின் முதல் தொடருந்து நிலையம் 1856-இல் இங்கு திறக்கப்பட்டபின் ஊர்ப்பெயர் பரவலாக அறியப்பட்டது. அதனுள் இருக்கும் மீனவத் தூதரின் பெயரோ பலராலும் கவனிக்கப்படாமலே போயிற்று.

பேதுருவின் இயற்பெயர் சீமோன். இது 'கேட்டல்' என்னும் பொருளுடைய எபிரேய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. இயேசு அவருக்கு இட்ட பெயர் கேபா என்னும் அரமேயச் சொல், பொருள் பாறை. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே பெத்ரோசு. அதுவே தமிழில் பேதுரு ஆயிற்று. தெலுங்கில் 'ராயி' என்பது கல்லைக் குறிக்கும். அதனோடு 'அப்பர்' சேர்ந்து இராயப்பர் ஆயிற்று என்று விளக்கம் தருவர். இவ்விளக்கத்தின்படி ஒரே பாறை அரமேயம், கிரேக்கம், தமிழ் என மூன்று மொழிகளிலும் பொருள் மாறாமல் நின்றிருக்கிறது.

பொருள்வழிப் பெயர்கள்

கத்தோலிக்க மரபில் இவ்வாறு பொருள்வழி அமைந்த பெயர்கள் பல உள. பவுல் என்பது 'சிறியவர்' என்னும் பொருள்தரும் இலத்தீன் பெயர், தமிழில் சின்னப்பர். இவருடைய எபிரேயப் பெயரான சவுல் 'கேட்டுப் பெறப்பட்டவன்' எனப் பொருள்படும். யோவான் என்பதன் எபிரேய வடிவமாகிய யோகனான் 'யாவே அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படுவதால் அவர் அருளப்பர் ஆனார். ஸ்தேவான் என்னும் கிரேக்கப் பெயர் மணிமுடியைக் குறிக்கும், அவர் முடியப்பர்.

அப்பர் என்னும் ஈறு நெல்லையப்பர், ஐயாறப்பர் முதலிய சிவன் பெயர்களில் வருவதே. திருவொற்றியூர் இறைவனைப் பாடிய திருநாவுக்கரசரும் அப்பர் என்றே அழைக்கப்படுகிறார். கடல் கடந்து வந்த திருத்தூதர்களுக்குத் தமிழ்க் கிறித்தவர் வேறு மரியாதைச் சொல்லைத் தேடவில்லை. இதன் விளைவாகப் பெயரைக் கொண்டு சமயத்தை அறிவதும் எளிதன்று: சின்னப்பன், சின்னப்பா என்னும் பெயர்கள் கிறித்தவரல்லாதாரிடமும் பரவலாக உள்ளன.

வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் இம்முறையை மேலும் விரித்தார். யோசேப்பு என்பதற்கு 'அவர் மேலும் சேர்ப்பாராக' என்பது எபிரேயப் பொருள். காப்பியத் தலைவனான யோசேப்பை அவர் வளன் என்றார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். மக்கள் வழக்கில் நிலைத்ததோ போர்த்துக்கேய ஒலியைத் தழுவிய சூசை, சூசையப்பர் என்பனவே. வளன் என்னும் பெயர் பிற்காலத்தில் கிறித்தவரிடையே ஆட்பெயராகவும் இடப்பட்டது.

இலாசர் என்பது எலெயாசர் என்னும் எபிரேயப் பெயரின் சுருக்கம். பொருள் 'கடவுள் உதவினார்'. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை இப்பெயரைத் தமிழில் தேவசகாயம் என ஏற்றார். இவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஒரு பெயர், பல வடிவங்கள்

யாக்கோபு என்னும் பெயரை விவிலியம் 'குதிகால்' என்னும் எபிரேயச் சொல்லோடு இணைக்கிறது. இரட்டையருள் இளையவர் மூத்தவரின் குதிகாலைப் பற்றிக்கொண்டு பிறந்தார் என்பது கதை. இதிலிருந்து தமிழில் யாகப்பன் வந்தது. போர்த்துக்கேயர் வழியாகச் 'சந்த்' என்னும் புனிதர் அடைமொழியும் ஒட்டிச் சந்தியாகு வந்தது. ஆங்கிலத்தின் வழியாக ஜேக்கப், ஜேம்ஸ் இரண்டும் வந்தன. இசுலாமியரிடையே அரபு வடிவமான யாகூப் வழங்குகிறது. இவ்வாறே யோசேப்பு யூசுப் என்றும், மோசே மூசா என்றும், தாவீது தாவூது என்றும், யோபு அய்யூப் என்றும் இசுலாமியரிடம் வழங்குகின்றன. யாகப்பனும் யாகூப்பும் ஒரே பெயரினர் என்பது அவர்களுக்கே தெரியாதிருக்கக்கூடும்.

இயேசு, யோசுவா என்னும் இரண்டும் ஒரே எபிரேயப் பெயரின் இரு வடிவங்களே. கிரேக்கம் வழியாக வந்தது முன்னது.

இறைப்பெயர் ஈறுகள்

எபிரேயப் பெயர்கள் பல முழு வாக்கியங்களாகும். 'ஏல்' என்னும் ஈறு கடவுளைக் குறிக்கும். மிக்கேல் ஒரு வினா: 'கடவுளுக்கு நிகர் யார்?' இரபேல் 'கடவுள் குணமாக்கினார்' எனவும், தானியேல் 'கடவுள் என் நடுவர்' எனவும், இம்மானுவேல் 'கடவுள் நம்மோடு' எனவும் பொருள்படும். யாவே என்னும் பெயர் 'யோ', 'யா' எனச் சுருங்கிச் சொல்லின் முதலிலோ இறுதியிலோ நிற்கும். மத்தேயு என்பது இவ்வகையில் 'யாவேயின் கொடை' எனப் பொருள்படும் பெயரின் சுருக்கம்.

பெண்பெயர்களிற் பல இயற்கைப் பொருள்களைச் சுட்டுவன. தெபோரா தேனீ, இராகேல் பெண் ஆடு, தாமார் பேரீச்சை. மரியா என்பதன் மூலமாகிய மிரியாம் என்ன பொருளுடையது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெயர்ப்பொருள் நூல்கள் ஒரே பொருளை உறுதியாகத் தருவதை அப்படியே ஏற்பதற்கில்லை. அன்னம்மாள் என்பதைக் கேட்போர் அன்னத்தையோ அன்னையையோ நினைப்பர். இதன் மூலமோ எபிரேய அன்னா, பொருள் அருள். யோகனான் பிறந்த வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. ஆகவே அருளப்பனும் அன்னம்மாளும் ஒருவேர்ப் பெயரினர்.

மாற்றங்கள்

தரங்கம்பாடியில் 1714–1715 ஆண்டுகளில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலிருந்து வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபை மரபு ஒலிபெயர்ப்பையே போற்றியது. எனவே நெடுங்காலம் பேதுரு, பவுல் என்றால் சீர்திருத்தச் சபையார், இராயப்பர், சின்னப்பர் என்றால் கத்தோலிக்கர் என்ற வேறுபாடு விளங்கியது. இரு சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களை ஏற்றது. அதன்பின் கத்தோலிக்க வழிபாட்டு வாசகங்களில் பழைய வடிவங்கள் அருகின. ஆலயப் பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் முதியோர் பெயர்களிலும் அவை எஞ்சியுள்ளன.

இம்மாற்றம் ஆவணங்களிலும் சிக்கல் விளைவிப்பதுண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் இலத்தீன் வடிவமும், வீட்டில் அருளப்பன் என்பதும், பள்ளிச் சான்றிதழில் ஜான் என்பதும் இருப்பின், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படும். பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடுவது இதற்கு ஒரு வழி. ஆயினும் அருளப்பன் ஜான் என மாறுவது, பெயர்ப்பொருளை நோக்கின், பெயர் மாற்றமே அன்று.