மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு?

ஃபிக்ஹு கலை உரிமைகளை இரண்டாகப் பகுக்கிறது. ஒன்று ஹுகூகுல்லாஹ் எனும் இறைவனுக்குரிய உரிமைகள். மற்றொன்று ஹுகூகுல் இபாத் எனும் அடியார்க்குரிய உரிமைகள். முன்னதில் நேர்ந்த குறையை மெய்யான தவ்பாவின் வழியே இறைவன் மன்னிப்பான் என்று நம்புகிறோம். பின்னதில் தவ்பா மட்டும் போதாது. பறித்ததைத் திருப்பித் தர வேண்டும்; அல்லது உரியவரோ அவருடைய வாரிசுகளோ மனமுவந்து மன்னிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினரால் சீரழிக்கப்பட்ட ஆசியப் பெண்களுக்காக எழுந்த அமைப்புகளின் வரலாற்றை ஆராயும்போது, அதன் நடுவே நிற்பதும் இக்கேள்வியே என்பதைக் காண்கிறோம்.

1930களின் தொடக்கம் முதல் 1945 வரை, ஜப்பானியப் படை சென்ற நாடுகளிலெல்லாம் ‘ஆறுதல் நிலையங்கள்’ என்ற பெயரில் பாலியல் அடிமைக் கூடங்கள் நடத்தப்பட்டன. கொரியா, சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பெண்கள் வேலை தருவதாக ஏமாற்றப்பட்டும், பலவந்தமாகப் பிடிக்கப்பட்டும் அங்கு அடைக்கப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் சில பத்தாயிரங்களிலிருந்து இரண்டு இலட்சம் வரை வேறுபடுகின்றன. 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 30 கோடி டாலர் கொடையாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் தென்கொரியாவுக்கு வழங்கப்பட்டன. இரு நாட்டு மக்களின் உரிமைக் கோரிக்கைகளும் அத்துடன் முற்றாகத் தீர்ந்தன என எழுதப்பட்டது. அந்தப் பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1990 நவம்பரில் தென்கொரியப் பெண்கள் இயக்கங்கள் கூடி இதற்கென ஒரு பேரவையை அமைத்தன. 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி, தமக்கு நேர்ந்ததைத் தம் பெயரும் முகமும் மறையாது உலகின் முன் எடுத்துரைத்தார். 1992 ஜனவரி 8 முதல் சியோலில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமை தோறும் மூதாட்டிகளும் ஆதரவாளர்களும் திரண்டனர். 2011 டிசம்பரில் அக்கூட்டம் ஆயிரத்தை எட்டியது.

சாட்சியம் பகர்வது உற்றாருக்கும் தமக்குமே பாதகமாயினும் நீதியின் பக்கம் நிற்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. அத்தகைய சாட்சிகள் ஜப்பானிலும் தோன்றினர். வரலாற்றுப் பேராசிரியர் யோஷிமி யோஷியாகி, தம் நாட்டின் பாதுகாப்புத் துறை நூலகத்திலிருந்தே இராணுவத்தின் பங்கை நிறுவும் ஆவணங்களைக் கண்டெடுத்தார். 1992 ஜனவரியில் அவை நாளேட்டில் வெளியாயின. 1993 ஆகஸ்ட் 4 அன்று ஜப்பானிய அரசு இராணுவத்தின் தொடர்பை ஒப்புக்கொண்டது. இதழாளர் மாட்சுயி யாயோரி, பிற நாட்டு அமைப்புகளுடன் சேர்ந்து 2000 டிசம்பரில் டோக்கியோவில் மகளிர் பன்னாட்டு நீதிமன்றத்தைக் கூட்டினார். சட்ட வலிமை ஏதுமற்ற அம்மன்றம், மறுஆண்டு திஹேக் நகரில் அளித்த இறுதித் தீர்ப்பில் பேரரசர் ஹிரோஹிட்டோவையும் குற்றவாளியெனக் கண்டது.

அங்கே சாட்சியம் அளித்தவர்களுள் இந்தோனேசியாவின் மார்தியெம் ஒருவர். பாடகியாகலாம் என்ற ஆசையோடு பதின்ம வயதில் யோக்யகர்த்தாவிலிருந்து புறப்பட்ட அவர், போர்னியோவில் அடைக்கப்பட்டார். இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடாதலால் இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1995இல் ஜப்பானில் நிறுவப்பட்ட ஆசிய மகளிர் நிதியம், தென்கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் நாடுகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் 20 இலட்சம் யென் அளிக்க முன்வந்தது. இந்தோனேசிய அரசோ, பாதிக்கப்பட்டோரைத் தனித்தனியே அடையாளம் காட்டுவதை விரும்பாமல், 38 கோடி யென்னை முதியோர் இல்லங்களுக்கென 1997இல் ஏற்றுக்கொண்டது. பெண்களின் மானத்தைக் காப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. மார்தியெம் போன்றோர் தம் உரிமைக்குத் தாமே குரல் கொடுத்தபோது, மானம் என்ற பெயரால் அக்குரலை அடக்குவது மஸ்லூமுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும். அநீதிக்குள்ளானவள் களங்கப்பட்டவள் அல்லள் என்பதில் ஷரீஅத்துக்கு ஐயமில்லை. ஐயம் நம் சமூக வழக்கங்களில் இருக்கிறது.

2015 டிசம்பர் 28 அன்று தென்கொரிய, ஜப்பானிய அரசுகள் 100 கோடி யென்னுக்கு மீண்டும் ஓர் இணக்கம் கண்டு, விவகாரம் இனித் திரும்பாதபடி முடிந்தது என அறிவித்தன. மூதாட்டிகளின் கருத்து முன்கூட்டி முறையாகக் கேட்கப்படவில்லை. உயிரோடிருந்தவர்களில் பலர் அதிலிருந்து பணம் பெற்றனர், சிலர் மறுத்தனர். பெறுவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இருவரையும் நாம் குறை கூறலாகாது. 2021 ஜனவரி 8 அன்று சியோல் நீதிமன்றம் வாதிகள் 12 பேருக்குத் தலா 10 கோடி வொன் வழங்க ஜப்பானுக்கு ஆணையிட்டது. இறையாண்மையுள்ள அரசை அயல்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று கூறி ஜப்பான் அத்தீர்ப்பை ஏற்கவில்லை.

இந்த அளவுகோல் அமைப்புகளுக்கும் பொருந்தும். நாம் அன்றாடம் வழங்கும் ‘வக்கீல்’ என்பது அரபுச் சொல்; பிறர் பொறுப்பை ஏற்றுச் செய்பவர் என்பது பொருள். வக்கீல் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். 2020இல் மூதாட்டி லீ யோங்-சூ, தாம் நெடுங்காலம் உடன் நின்ற கொரியப் பேரவையின் நிதி நடைமுறையை வெளிப்படையாகக் கண்டித்தார். பேரவையின் முன்னாள் தலைவர் நன்கொடையில் கையாடல் செய்ததை 2024 நவம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அமானிதம் பிறழ்ந்ததால் மூதாட்டிகளின் கோரிக்கை பொய்யாகிவிடாது. ஆயினும் அவர்கள் பெயரால் திரட்டப்படும் ஒவ்வொரு காசுக்கும் அவர்களிடமே கணக்குச் சொல்லக் கடமை உண்டு.

கிம் ஹாக்-சுன் 1997இலும் மார்தியெம் 2007இலும் மறைந்தனர். எஞ்சியோர் மிகச் சிலரே. உரியவர் மறைந்தால் வழக்கும் மறையும் என்று காத்திருப்போருக்கு ஹுகூகுல் இபாத் பற்றிய நம் பாடம் விடை சொல்கிறது: கொடுக்கப்படாத உரிமை மறுமையிலும் கணக்கில் நிற்கும். அதுவரை சாட்சியத்தை மறையாமல் காப்பது, அதைக் கேட்டறிந்த அனைவர் மீதும் கடமையாகும்.